மூன்று நிலை மாணவர்களுக்கு ஒரு பாடம்: கற்றல் நோக்கம் எழுதும் முறை

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்பு மாணவர்களை அவர்களது கற்றல் நிலைக்கேற்ப அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (மேல்நிலை) என மூன்று நிலைகளாகக் கொள்கிறது. ஆயினும் பாடக்குறிப்பில், "மாணவர்கள் கழித்தலைப் புரிந்துகொள்வர்" என்ற ஒற்றை வரியையே மூன்று நிலையினருக்கும் பொதுவான கற்றல் நோக்கமாக எழுதிவிடும் வழக்கம் பலரிடம் உள்ளது. அந்த வரியை எவ்வாறு திருத்துவது என்பதை, இனமாற்றம் செய்து (ஒரு பத்தை ஒன்றுகளாக மாற்றி) கழித்தல் என்னும் பாடத்தைக் கொண்டு காண்போம்.

முதலில், பாடத்தின் கருவை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே கரு, ஒரு பத்தை 10 ஒன்றுகளாகப் பிரிக்கலாம் என்பதாகும். இது மூன்று நிலையினருக்கும் மாறாது. மாறுவது துணைக்கருவியும் பணியின் ஆழமும் மட்டுமே.

அடுத்து, பாடத்தைத் தொடங்குமுன் 52 − 27 என்ற கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 35 என்று விடை எழுதும் குழந்தை, கவனக்குறைவால் தவறவில்லை. ஒன்றுகளின் இடத்தில் 2இலிருந்து 7ஐக் கழிக்க இயலாததால், 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. 52 கோடுகளை வரைந்து, 27ஐ அடித்துவிட்டு, மீதியை எண்ணி 25 என்று எழுதும் குழந்தைக்கு விடை சரியாக வந்தாலும், இடமதிப்பு இன்னும் கைவந்ததாகச் சொல்ல முடியாது. மதிப்பெண்ணைவிட இத்தகைய வழிமுறைகளே நிலையைத் தெளிவாகக் காட்டுகின்றன.

மூன்றாவதாக, "அறிவர்", "புரிந்துகொள்வர்" போன்ற வினைகளை நீக்கி, கண்ணால் காணக்கூடிய செயலை எழுதுங்கள்.

அரும்பு: பத்துக் குச்சிகள் கொண்ட கட்டுகளுள் ஒன்றை அவிழ்த்து, 32 − 15 போன்ற கணக்குகளைச் செய்துகாட்டுவர்.

மொட்டு: இடமதிப்பு அட்டவணையில் இனமாற்றத்தைக் குறித்து, ஐந்து கணக்குகளில் நான்கையேனும் சரியாகச் செய்வர்.

மலர்: 52 − 27 = 35 என்ற விடையிலுள்ள பிழையைக் கண்டறிந்து, அதற்கான காரணத்தைத் தம் சொற்களில் விளக்குவர்.

மலர் நிலையினருக்குக் கூடுதலாகப் பத்துக் கணக்குகளைக் கொடுத்து உட்காரவைப்பது நோக்கமாகாது. அது நேரத்தைக் கடத்தும் வேலை.

இறுதியாக, ஒவ்வொரு நோக்கத்திற்கும் எதிரே மாணவர் பெயர்களைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். கட்டை அவிழ்க்காமலேயே விடை சொல்லத் தொடங்கும் குழந்தையின் பெயரை, மறுநாளே அழித்து மொட்டு வரிக்கு மாற்றவேண்டியிருக்கும்.