இரண்டு இருக்கைக் காரும் இரண்டு ரசனையும்

மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி, கூரை திறக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வீட்டில் இருந்தால் சண்டை பெரும்பாலும் காரால் வருவதில்லை; சொல்லாமல் செய்த செலவும் பறிபோன ஞாயிறும்தான் காரணம். டயர், பிரேக் பேட், காப்பீடு மூன்றுக்கும் ஓராண்டுச் செலவைக் கூட்டி, 12-ஆல் வகுத்து, மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். துணையின் விருப்பத்துக்கும், அது வீணையோ தோட்டமோ, அதே அளவு ஒதுக்குங்கள். எதற்கு என்று கேட்கக் கூடாது.

டிராக் நாளை, அதாவது பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டும் நாளை, ஒரு மாதம் முன்பே காலண்டரில் குறியுங்கள். பிரேக் ஆயிலை முந்தைய வாரம் மாற்றிவிடுங்கள்: ஈரம் இழுத்த பழைய ஆயில் சூட்டில் கொதித்து, பெடல் பஞ்சுபோல் அமுங்கும். சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் டிராக் சேதத்தை ஏற்காது. இதை வீட்டில் மறைக்காதீர்கள்.

சேர்ந்து போகும் பயணம் வேறு கணக்கு. 2015-ல் வந்த நான்காம் தலைமுறை மாடலின் டிக்கி சுமார் 130 லிட்டர்தான். கெட்டிப் பெட்டி வேண்டாம், துணிப்பை இரண்டு போதும். கூரையைத் திறந்தால் பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள், கழுத்தில் அறையும் காற்று குறையும். மாற்றி மாட்டிய சத்தமான சைலன்சர் நெடுஞ்சாலையில் ஒரே சீராக இரைந்து தலைவலி தரும். கம்பெனி சைலன்சரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், திரும்ப மாட்ட வேண்டி வரும்.