ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி திணறுகிறதா? பழைய காரில் காரணம் தேடும் முறை

மிதித்ததும் ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு, பிறகு குலுங்கிக்கொண்டு இழுக்கிறது. 'பிக்கப் இல்லை' என்று ஒற்றை வரியில் சொல்லி வண்டியைக் கொடுத்தால் பிளக், ஃபில்டர், பம்ப் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவார்கள். எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது, சரியாகாமலும் போகலாம். எப்போது திணறுகிறது என்பதை ஒழுங்காகக் கவனித்தாலே, கோளாறு காற்றிலா, பொறியிலா, பெட்ரோலிலா என்பது பாதி தெரிந்துவிடும். கீழே உள்ளவை பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களுக்கானவை. கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போகலாம்.

படி 1: ஓட்டிப் பாருங்கள், எழுதி வையுங்கள்

முதலில் கிளட்ச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது ஆர்பிஎம் முள் விறுவிறுவென ஏறி, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் இன்ஜினில் பழுது இல்லை. கிளட்ச் வழுக்குகிறது, ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும்.

ஆர்பிஎம்மும் சேர்ந்து தடுமாறினால், எந்த நேரத்தில் என்று பாருங்கள். பெடலைத் தொட்ட மாத்திரத்தில் திணறி உடனே சரியாகிவிட்டால் காற்றுக் கசிவு, அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது), த்ராட்டில் சென்சார் (காற்று வழியின் த்ராட்டில் மூடி எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது) ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். சமதளத்தில் ஒழுங்காகப் போய், மேட்டில் உயர் கியரில் அழுத்தும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுத்தால் பிளக், அதற்கு உயர் வோல்டேஜ் தரும் காயில் பக்கம் போங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூடப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் தேவை. பலவீனமான காயில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். முதலில் நன்றாக இழுத்து, வேகம் ஏற ஏற மூச்சு முட்டினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது புகைபோக்கி வழி அடைத்திருக்கிறது. காலையில் இன்ஜின் சூடாகும்வரை மட்டும் தொல்லை என்றால் கூலன்ட் வெப்பநிலை சென்சாரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஸ்கேனரைச் செருகுங்கள்

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் ஓபிடி-2 என்ற, வண்டியே தன் கோளாறைப் பதிந்து காட்டும் முறை கட்டாயம். டாஷ்போர்டுக்கு அடியில், பெரும்பாலும் ஸ்டீயரிங் பக்கத்தில் 16 பின் சாக்கெட் இருக்கும். சாதாரண புளூடூத் ஸ்கேனரும் போன் செயலியும் போதும்.

செகண்ட் ஹேண்ட் வண்டியில் அதற்கு முன் ஒரு சோதனை. சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிந்தாக வேண்டும். எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது விற்றவர் அதைப் பிடுங்கியிருக்கலாம். ஸ்கேனரில் 'ரெடினெஸ்' பகுதியில் பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், அண்மையில் யாரோ கோடுகளை (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்களை) அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

கிடைத்த கோடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள், அழிக்க அவசரப்படாதீர்கள். பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ்ஃபயர், அதாவது கலவை சரியாக எரியவில்லை. பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில். கோடு சொல்வது அறிகுறியை மட்டும்தான். பி0171 வந்ததும், புகையை அளந்து அதைச் சொன்ன ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள், உள்ளதை உள்ளபடி சொன்ன பாகத்தைத் தூக்கி எறிகிறார்கள்.

படி 3: காற்று வரும் வழி

பழைய வண்டியில் என் முதல் சந்தேகம் எப்போதும் இங்கேதான். ரப்பர் காய்ந்து வெடிக்கும், எந்த மீட்டரும் காட்டாது.

ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். அது சின்ன வேலை. முக்கியமானது, ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய். இன்ஜினை அணைத்து, ஆறிய பிறகு, அந்த மடிப்புகளை விரலால் விரித்து டார்ச் அடித்துப் பாருங்கள், முக்கியமாக அடிப்பக்கத்தில். சும்மா நிற்கும்போது மூடிக்கொண்டிருக்கும் வெடிப்பு, மிதிக்கும்போது இன்ஜின் ஒரு பக்கம் சாய்வதால் திறந்துகொள்ளும். ஐடிலிங்கில் பூனை மாதிரி இருக்கும் வண்டி மிதித்தால் திணறுவதற்கு இது ஒரு காரணம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், பிசிவி குழாய் (இன்ஜின் அடிப்பகுதி வாயுவை மீண்டும் காற்று வழிக்குக் கொண்டுவருவது), மற்ற சின்ன வேக்கூம் குழாய்கள் எல்லாவற்றையும் முனைகளில் நெளித்துப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாததை ஸ்கேனர் சொல்லும். நேரலைத் தரவில் ஃபியூயல் ட்ரிம் என்ற எண்ணைத் தேடுங்கள். எரியும் கலவையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று இருக்க வேண்டும். அதைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதுதான் அந்த எண். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. ஐடிலில் +15 சதவீதம் போல நின்று, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்துக்கு இறங்கினால் வேக்கூம் கசிவு. ஐடிலில் சரியாக இருந்து, அழுத்தி ஓட்டும்போது ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது ஏர்ஃப்ளோ சென்சார் குறைவாக அளக்கிறது. ஓட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். ஏர்ஃப்ளோ சென்சாருக்குப் பதில் மேப் சென்சார் (காற்று வழியின் அழுத்தத்தை அளப்பது) உள்ள கார்களில் கசிவு இருந்தால் ட்ரிம் அவ்வளவாக ஏறாது, ஐடிலிங்தான் உயரும்.

ஏர்ஃப்ளோ சென்சாரை அதற்கென உள்ள ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள். உள்ளே இருக்கும் கம்பியைத் துணியாலோ விரலாலோ தொடவே கூடாது. கசிவு தேட எரியக்கூடிய ஸ்பிரேயைச் சூடான இன்ஜினில் அடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. புதியவர்களுக்கு அது வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் புகை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்.

படி 4: பொறி

இன்ஜின் ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றி, எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்ற வரிசை மாறாமல் வையுங்கள். இளம்பழுப்பு நிறம் ஆரோக்கியம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. பிளக் குழிக்குள் எண்ணெய் நின்றால் வால்வு கவர் கேஸ்கெட் போய்விட்டது. இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் காருக்குரிய அளவை மேனுவலில் பாருங்கள்.

ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள கார் என்றால் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பி0302 வந்திருந்தால், இரண்டாவது காயிலை மூன்றாவதின் இடத்தில் மாட்டி, மூன்றாவதை இரண்டாவதில் மாட்டுங்கள். கோடை அழித்து ஓட்டிப் பாருங்கள். பி0303 என்று மாறி வந்தால் அந்தக் காயில்தான் குற்றவாளி. கோடு மாறவில்லை என்றால் பிளக்கை இதேபோல் இடம் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்.

படி 5: த்ராட்டிலும் பெட்ரோலும்

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்து, ஸ்கேனரில் த்ராட்டில் அளவைப் பார்த்தபடி பெடலை மெல்ல அழுத்துங்கள். எண் சீராக ஏற வேண்டும். நடுவில் சட்டென்று விழுந்தால் சென்சார் தேய்ந்திருக்கிறது. கேபிள் உள்ள பழைய கார்களில் மல்டிமீட்டரிலும் பார்க்கலாம்: மூடியபோது சுமார் 0.5 வோல்ட், முழுதாகத் திறந்தால் 4.5 பக்கம்.

பெட்ரோல் அழுத்தத்தை கேஜ் மாட்டி அளக்க வேண்டும். லைனில் அழுத்தம் இருப்பதால் முதல்முறை தெரிந்தவரோடு செய்யுங்கள். பல இன்ஜெக்‌ஷன் கார்களில் 3 முதல் 4 பார் இருக்கும். ஐடிலில் சரியாகக் காட்டி, ஓட்டத்தில் விழுந்தால் ஃபில்டர் அடைப்பு அல்லது தளர்ந்த பம்ப்.

அழுத்தம் சரியாக இருந்தும் மூச்சு முட்டினால் புகைபோக்கி வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள். வேக்கூம் கேஜை மாட்டி 2500 ஆர்பிஎம்மில் நிறுத்துங்கள். முள் நிலையாக நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கினால் வழி அடைத்திருக்கிறது.

கார்புரேட்டர் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது, மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப். இன்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்தபடி த்ராட்டில் லீவரைச் சட்டென்று இழுங்கள். பெட்ரோல் மெல்லிய கோடாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ ஒன்றுமே வராவிட்டாலோ பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கும், இல்லை ஜெட் அடைத்திருக்கும். நன்றாகப் பீய்ச்சினால், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கூம் அட்வான்ஸ் (பொறி விழும் நேரத்தை முன்தள்ளுவது) குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். உறிஞ்சிய பிடி நிற்காமல் காற்று வந்துகொண்டே இருந்தால் அங்கே உள்ள டயாஃப்ரம் ஓட்டை.