வாழைக்கன்றில் முடிக்கொத்து வைரஸ் இருக்கிறதா? பிசிஆர் மூலம் கண்டறியும் முறை

குமரி மாவட்டத்தில் பக்கத்து விளையில் நல்ல குலை தள்ளிய மூட்டிலிருந்து கன்று கிளப்பி நடுவது வழக்கம். அந்தக் கன்றுக்குள் முடிக்கொத்து வைரஸ் இருந்தால், அதுவும் சேர்ந்தே வந்துவிடும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழையைக் காக்க வேண்டுமென்றால், தாய் மூட்டைச் சோதித்துவிட்டுக் கன்று எடுக்கும் பழக்கம் வர வேண்டும். டிஎன்ஏவின் குறிப்பிட்ட பகுதியைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் கருவி உள்ள கல்லூரி ஆய்வகம் இதற்குப் போதும்.

இந்த வைரஸின் மரபுப்பொருள் ஆறு சிறு டிஎன்ஏ வட்டங்கள். ஒவ்வொன்றும் சுமார் 1,100 எழுத்து நீளம். ஆர்என்ஏ வைரஸ் என்றால் முதலில் அதை டிஎன்ஏவாக மாற்ற வேண்டும். இங்கே அந்த வேலை இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதை நான் சொல்வது அதனால்தான்.

மாதிரி எடுத்தல்

பாதி வெற்றி இங்கேதான். வைரஸ் தங்குவது உணவு கடத்தும் குழாய்த் திசுவில். எனவே இலைப்பரப்பை விட்டுவிட்டு, புதிதாக விரிந்த இலையின் நடுநரம்பையும் காம்பையும் எடுங்கள். அவற்றின் அடிப்பக்கத்தை உற்றுப் பாருங்கள்: கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. நோய் முற்றினால் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். அதுவரை காத்திருக்க வேண்டாம். அறிகுறி இல்லாத மூட்டிலும் மாதிரி எடுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் புது பிளேடு. பையில் எண் எழுதி, ஐஸில் வைத்துக் கொண்டு வாருங்கள்.

டிஎன்ஏ பிரித்தல்

வாழையில் பிசினும் கறையும் அதிகம். இரண்டுமே பிசிஆரைக் கெடுக்கும். 100 மில்லிகிராம் திசுவை, 65 டிகிரிக்குச் சூடாக்கிய சிடிஏபி பஃபரில் (செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளியே கொண்டுவரும் கரைசல்) நன்றாக அரையுங்கள். பஃபரில் பிவிபியும் மெர்காப்டோ எத்தனாலும் கட்டாயம் இருக்கட்டும். கறுத்துப்போகாமல் காப்பவை அவைதான். அதே சூட்டில் அரை மணி நேரம். பிறகு குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1 கலவை சேர்த்து மையவிலக்கியில் சுழற்றி, மேல்நீரை மட்டும் எடுங்கள். நீர் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை செய்யுங்கள், அவசரப்படாதீர்கள். ஐசோபுரோப்பனாலில் படியவைத்து, 70 சதவீத எத்தனாலில் கழுவி, உலர்த்திக் கரையுங்கள். டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8-ஐ ஒட்டி வந்தால் சரி.

பிசிஆர்

ஆறு வட்டங்களில் டிஎன்ஏ-ஆர் என்னும் வட்டத்துக்கான ப்ரைமர்கள் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) ஆய்வுக்கட்டுரைகளில் வெளியாகியுள்ளன. 94 டிகிரியில் டிஎன்ஏ இழைகளைப் பிரித்து, ப்ரைமருக்கு ஏற்ற சூட்டில் ஒட்டவைத்து, 72-இல் வளர்த்து, 35 சுற்று ஓட்டினால் போதும். ஒப்பிட்டுப் பார்க்க நோயுள்ள மாதிரி, திசு வளர்ப்பில் வந்த நல்ல கன்று, வெறும் நீர் மூன்றையும் கூடவே ஓட்டுங்கள். பிசிஆர் முடிந்ததை ஜெல்லில் ஓட்டினால், வைரஸ் டிஎன்ஏ பெருகியிருக்கும் மாதிரியில் பட்டை தெரியும். வெறும் நீரில் பட்டை வந்தால் அன்றைய முடிவு முழுவதையும் தள்ளிவிடுங்கள்.

எல்லா வைரஸுக்கும் இதே முறையை நம்பிவிடக் கூடாது. வாழைக் கோட்டு வைரஸின் துண்டுகள் மூசா பால்பிசியானா என்னும் காட்டு வாழையின் மரபணுத் தொகுதி (பி) கலந்த சில ரகங்களின் குரோமோசோமிலேயே பதிந்து கிடக்கும். அங்கே பட்டை தெரிந்தாலும் நோய் என்று சொல்லிவிட முடியாது.

எழுத்துவரிசை

பட்டையை ஜெல்லிலிருந்து வெட்டிச் சுத்தம் செய்து, டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சேங்கர் முறைக்கு அனுப்புங்கள். முழு வட்டமென்றால் இரு திசையிலும் படிக்கச் சொல்லுங்கள். வந்த வரிசையின் தெளிவற்ற முனைகளை நறுக்கி, என்சிபிஐ என்னும் மரபணுத் தகவல் தளத்தில், ஏற்கெனவே பதிவான வரிசைகளோடு ஒப்பிடும் பிளாஸ்ட் தேடல் செய்யுங்கள். அப்புறம் மெகா மென்பொருளில் பிற நாட்டு வரிசைகளோடு சேர்த்து மரபுவழி மரம் வரையலாம். உலகின் முடிக்கொத்து வைரஸ்கள் இரண்டு பெரும் குழுவாகப் பிரியும். இந்திய வகைகள் பசிபிக்-இந்தியப் பெருங்கடல் குழுவில் அமையும். உங்களுடையது தென்கிழக்கு ஆசியக் குழுவில் போய் நின்றால், புது மாதிரியில் மறுபடி செய்து பாருங்கள். ஆறு வட்டங்களும் வைரஸ்களுக்கிடையே இடம் மாறக்கூடியவை என்பதால், ஒன்றுக்கு வரைந்த மரத்தை வைத்து மற்றவற்றைச் சொல்லாதீர்கள்.

நோய் உறுதியான மூட்டை உடனே வெட்டிப் போட்டால், வைரஸைப் பரப்பும் அசுவினிகள் அதிலிருந்து அடுத்த வாழைக்குப் போய்விடும். முதலில் அசுவினிக்கு மருந்து தெளித்து, அதன் பிறகு பக்கக் கன்றுகளையும் சேர்த்துக் கிழங்கோடு தோண்டி அழியுங்கள்.