வீட்டு ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கையில் நாற்பது, ஐம்பதாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு வீட்டிலேயே ரெக்கார்டிங் தொடங்க நினைப்பவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் இப்போது நிறைய. மிருதங்கம் வாசிக்கிறவர், நாகஸ்வரக்காரர், கீபோர்டில் மெட்டுப் போடுகிறவர், எல்லோரும் முதலில் கேட்பது எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றுதான். அதைக் கடைக்காரரிடம் கேட்பதுதான் முதல் தவறு. நீங்கள் என்ன பதிவு செய்யப் போகிறீர்கள் என்று அவர் விசாரிக்க மாட்டார், "எல்லாத்துக்கும் தாங்கும் சார்" என்று கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் லேப்டாப்பை எடுத்து வைப்பார். ஆடியோ வேலையில் அந்தக் கார்டு கிட்டத்தட்ட சும்மாதான் இருக்கும். அதற்குக் கொடுக்கிற காசு மைக்குக்கும், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும், ஹெட்போனுக்கும் போக வேண்டிய காசு.

அடுத்தது லேட்டன்சி. பாடுகிற குரல் ஹெட்போனில் கொஞ்சம் தாமதமாகக் கேட்கிறது, தாளம் நழுவுகிறது, உடனே கம்ப்யூட்டர் பத்தவில்லை என்று இன்னும் விலை கூடியதைத் தேடுகிறோம். தாமதம் பெரும்பாலும் பஃபர் அளவிலிருந்து, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலித் துண்டின் நீளத்திலிருந்து வருகிறது. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) எடுக்கும்போது, 1024 சாம்பிள் பஃபர் வைத்தால் ஒரு பக்கத்துக்கே 21 மில்லிசெகண்ட், உள்ளே வந்து வெளியே போக அது இரட்டிப்பாகும். அதையே 128 ஆக்கினால் ஒரு பக்கம் 2.7 மில்லிசெகண்ட்தான். மொத்தம் 10 மில்லிசெகண்டைத் தாண்டினாலே பாடுகிற பலருக்கு உறுத்தும். ஆனால் குரலோ வீணையோ மைக்கில் எடுக்கிறவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, ஏனென்றால் இன்டர்ஃபேஸில் இருக்கிற டைரக்ட் மானிட்டர் வசதியைப் போட்டால் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலேயே நேராகக் காதுக்கு வந்துவிடும், பழைய கம்ப்யூட்டராக இருந்தாலும் தாமதம் தெரியாது. கீபோர்டை இணைத்து சாஃப்ட்வேருக்குள் இருக்கும் வயலினையோ தபலாவையோ வாசிக்கிறவர் கதை வேறு. ஒலியே கம்ப்யூட்டருக்குள் பிறக்கிறதால் அவருக்குச் சின்ன பஃபரும், அதைக் கரகரப்பில்லாமல் தாங்குகிற பிராசஸரும் கட்டாயம் வேண்டும். விண்டோஸில் என்றால் தாமதத்தைக் குறைப்பதற்கென்றே உள்ள, இன்டர்ஃபேஸ் கம்பெனியின் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல வேண்டும். ரெக்கார்டிங் நேரத்தில் வைஃபையை அணைத்துப் பாருங்கள், பல லேப்டாப்பில் டிக் டிக் என்று விழும் சத்தம் அதிலேயே நின்றுவிடும்.

பிராசஸர் பெயரைப் பார்த்து ஏமாறுவது இன்னொன்று. ஐ7 என்ற ஸ்டிக்கர் மட்டும் எதையும் சொல்லாது. 2013-ல் வந்த ஐ7-4770-ஐ விட 2022-ல் வந்த ஐ3-12100 வெகு வேகம், இத்தனைக்கும் இரண்டிலும் 4 கோர்தான் (கோர் என்பது பிராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி). ஒரு டிராக்கில் வரிசையாகப் போடும் ப்ளக்-இன்கள் (எக்கோ மாதிரி ஒலியை மாற்றும் சின்ன சாஃப்ட்வேர்கள்) ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோரில் ஓடுவதால் ஒற்றைக் கோரின் வேகம்தான் இங்கே கைகொடுக்கும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஆபீஸில் கழித்த டெஸ்க்டாப்பை வாங்கி வருவது நல்ல யோசனைதான், நானும் அதையே சிபாரிசு செய்வேன். ஆனால் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், அதாவது ஐ5-8500 மாதிரி ஹைபனுக்குப் பின் வரும் எண் 8, 9 அல்லது 10, 11, 12 என்று தொடங்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள பிராசஸர்களை, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை.

ரேம் 16 ஜிபி. 8 ஜிபியில் குரல் பதிவு நடக்கும், சாம்பிள் லைப்ரரி (நிஜ வாத்தியங்களின் ஒலிகளைப் பதிந்து வைத்த தொகுப்பு) ஏற்றினால் திணறும். டெஸ்க்டாப்பில் அப்புறம் கூட்டிக்கொள்ளலாம், போர்டிலேயே பற்றவைத்த ரேம் உள்ள லேப்டாப்பிலும் மேக் மினி எம்1-லும் அது முடியாது, வாங்கும் அன்றே முடிவு செய்துவிட வேண்டும். டிஸ்க் எஸ்எஸ்டியாக இருக்கட்டும், அளவைத்தான் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி. இரண்டரை மணி நேரக் கச்சேரியை 8 டிராக்கில் எடுத்தால் 10 ஜிபிக்கு மேல் ஆகிவிடும், வாரம் ஒரு கச்சேரி என்றால் வருடத்தில் 500 ஜிபி தாண்டும். அதனால் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் பேக்கப்புக்கு வையுங்கள்.

நம் ஊர் வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ரெக்கார்டிங் என்றால் ஜன்னலைச் சாத்தி, சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் உட்காருவோம். சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் மெல்லிசு லேப்டாப் பத்து நிமிடத்தில் சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் விசிறியோ அலற ஆரம்பிக்கும். நாகஸ்வரமும் தவிலும் எடுக்கிறவருக்கு அது பெரிதில்லை, அந்த வாத்தியங்களின் சத்தத்தில் அமுங்கிவிடும். வீணையில் ஒரு ஸ்வரம் மெல்லத் தேய்ந்து அடங்குகிற இடத்தில் விசிறிச் சத்தம் தெளிவாக உட்கார்ந்திருக்கும், எந்த ப்ளக்-இன்னாலும் அதை முழுதாக எடுக்க முடியாது. டெஸ்க்டாப் வாங்கி, நீளமான கேபிள் போட்டு, பெட்டியைக் கதவுக்கு அந்தப் பக்கம் வைப்பதுதான் இதற்குச் சரியான வழி.

டெஸ்க்டாப் என்றால் கரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல கிராமங்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. அது பேரிடர், விட்டுவிடலாம். சாதாரண நாளிலேயே ஒரு நொடி கரண்ட் போய் வந்தால் அதுவரை வாசித்ததெல்லாம் போகலாம், அதனால் ஒரு யுபிஎஸ்ஸின் விலையையும் கம்ப்யூட்டர் விலையோடு சேர்த்தே பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் ரெக்கார்டிங்கில் இரைச்சல் ஏறும், சைன் வேவ்தான் நல்லது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் சொருகுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஸ்பீக்கரில் வருகிற ஹம்முக்குப் பாதி நேரம் அதுவே காரணம், மைக்கைத் தொட்டால் ஷாக் அடிப்பதும் அதனால்தான். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் எர்த்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் உங்கள் இன்டர்ஃபேஸையும் ஹெட்போனையும் கடைக்கே கொண்டுபோங்கள். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை 60 நாள் காசில்லாமல் போட்டுப் பார்க்கலாம், அதில் நீங்கள் உண்மையில் செய்கிற வேலை ஒன்றைத் திறந்து, பஃபரை 128-ல் வைத்து, இருபது நிமிடம் ஓடவிட்டுக் கேளுங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.