கூகுள் தேடல் விளம்பரம்: நாளுக்கு 300 ரூபாயை வீணாக்காமல் ஓட்டுவது எப்படி?

மதுரையில் ஆர்ஓ வாட்டர் பியூரிஃபயர் சர்வீஸ் செய்யும் கடை என்று வைத்துக்கொள்வோம். நாள் பட்ஜெட் 300 ரூபாய். விளம்பரம் எழுதும் முன்பே காசு ஒழுகும் ஓட்டைகள் சில உண்டு. முதலில் அவற்றை அடைத்துவிடுங்கள்.

கேம்பெயின் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே நெட்வொர்க் (தேடலுக்கு வெளியே, மற்ற தளங்களிலும் ஆப்களிலும் விளம்பரம் காட்டுவது) டிக்கை எடுத்துவிடுங்கள். லொக்கேஷனில் மதுரை என்று போட்டால் மட்டும் போதாது. வழக்கமான அமைப்பில், மதுரையில் இருப்பவர்களோடு மதுரை மீது ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களும் சேர்ந்துவிடுவார்கள். லொக்கேஷன் ஆப்ஷன்ஸில் 'பிரசென்ஸ்' (அந்த ஊரில் இருப்பவர்கள்) மட்டும் என மாற்றுங்கள். ராத்திரி போன் எடுக்க ஆளில்லையா? விளம்பர நேரத்தைக் காலை 9 முதல் மாலை 7 வரை வையுங்கள்.

கீவேர்டை, அதாவது எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டுமோ அந்தச் சொல்லை, வெறுமனே தட்டினால் அது பிராட் மேட்ச்: தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் வரும். "ஆர்ஓ சர்வீஸ் மதுரை" என்று மேற்கோள் குறிக்குள் போட்டால் ஃபிரேஸ் மேட்ச்: அதே பொருள் அடங்கிய தேடல்களுக்கு வரும். சிறிய பட்ஜெட்டுக்கு இதுவே நல்லது. பிறகு வாரம் இருமுறை, மக்கள் உண்மையில் தேடிய சொற்களைக் காட்டும் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து, சம்பந்தமில்லாத தேடல்களை நெகட்டிவ் கீவேர்டில் (விளம்பரம் வரக் கூடாத சொற்கள்) சேருங்கள்: வேலை, சம்பளம், டிரெய்னிங், கம்பெனிகளின் கஸ்டமர் கேர். நெகட்டிவில் ஒருமை போட்டால் பன்மை தடைபடாது, இரண்டையும் தனித்தனியே போட வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களும் உண்டு, கீவேர்டிலும் நெகட்டிவிலும் அந்த வடிவத்தையும் விடாதீர்கள்.

விளம்பரத்துக்கு 15 தலைப்புகள் வரை தரலாம், ஒவ்வொன்றும் 30 எழுத்து. விளக்க வரிகள் 4, தலா 90. தமிழில் எழுதுபவர்கள் திணறுவது இங்கேதான். புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும். 'மதுரையில்' நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது. 'இன்றே வீட்டுக்கு வந்து சரிசெய்வோம்' 34 ஆகிவிடும், ஏற்காது. 'வீட்டுக்கு' என்பதை எடுத்தால் 23. 'சிறந்த சேவை' போன்ற வரிகளில் இடத்தை வீணாக்காமல், விசிட் கட்டணம், ஃபில்டர் விலை, எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பதை எழுதுங்கள். கட்டணம் பார்த்துக் கிளிக் செய்யாமல் போகிறவர் உங்களுக்கு லாபம்தான்.

300 ரூபாய் போட்டு ஒரே நாளில் 600 போனால் பதற வேண்டாம். ஒரு நாளில் இரு மடங்கு வரை போகலாம். மாதக் கணக்கில் 30.4 மடங்கை (ஒரு மாதத்தின் சராசரி நாட்கள்), அதாவது 9,120 ரூபாயைத் தாண்டி வசூலிக்க மாட்டார்கள். விளம்பர இடத்துக்கான ஏலத்தில் 'மேக்ஸிமைஸ் கிளிக்ஸ்' (பட்ஜெட்டுக்குள் முடிந்தவரை அதிக கிளிக்) வைத்து ஒரு கிளிக்குக்கு உச்சவரம்பு கட்டாயம் போடுங்கள். வரம்பு 15 ரூபாய் என்றால், 300 ரூபாயும் செலவாகும் நாளில் குறைந்தது 20 கிளிக். கிளிக் செய்பவர்களில் பத்தில் ஒருவர் அழைத்தால் ஒரு அழைப்புக்கு 150 ரூபாய் வரை. அழைத்தவர்களில் பாதிப் பேர் வேலை கொடுத்தால் ஒரு வேலைக்கு 300 வரை. ஒரு வேலைக்கு 300 செலவாகி, விளம்பரச் செலவுக்கு முன் அதில் உங்கள் லாபம் 250 தான் என்றால், பட்ஜெட்டைக் கூட்டக் கூட நஷ்டமும் கூடும். அழைப்புகளை கன்வெர்ஷனாக (விளம்பரத்தால் கிடைத்த பலனாக) பதிவு செய்யாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. ஜிஎஸ்டி 18 சதவீதத்தையும் இதில் சேருங்கள்: 5,000 ரூபாய் விளம்பரத்துக்குக் கையிலிருந்து போவது 5,900.