பழைய ஆபீஸ் சர்வரிலிருந்து விண்டோஸ் சர்வர் 2022-க்கு மாறுவது எப்படி?

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வுக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. ஆனாலும் பல அலுவலகங்களில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. லாகின், பகிர்வு ஃபோல்டர், பிரிண்டர், கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரி கொடுப்பது என்று எல்லாமே அந்த ஒற்றைப் பெட்டியின் தலையில். அதை மாற்றாமல் தள்ளிப்போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பயம்தான். கை வைத்தால் எது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் பழைய சர்வரில் கை வைக்காமலே ஆரம்பிப்போம். பக்கத்தில் புதிய சர்வரை நிறுத்தி, வேலைகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றி, கடைசியில்தான் பழையதை அணைக்கப் போகிறோம். அதே பெட்டியில் மேலேயே அப்கிரேடு போடலாமே என்று தோன்றும். 2012 ஆர்2-விலிருந்து 2022-க்கு அப்படி நேராகத் தாவ முடியாது. முடிந்தாலும் டொமைன் கன்ட்ரோலரில் (டொமைன் எனப்படும் ஆபீஸ் கம்ப்யூட்டர் தொகுப்பின் கணக்குகளையும் லாகினையும் கவனிக்கும் சர்வரில்) அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. பாதியில் தவறினால் திரும்பிப் போக வழியிருக்காது.

ஏன் விண்டோஸ் சர்வர் 2025 இல்லை? 2025 டொமைன் கன்ட்ரோலரைச் சேர்க்க, டொமைனின் ஃபங்ஷனல் லெவல் (எந்தப் பதிப்பின் வசதிகள் வரை டொமைன் பயன்படுத்துகிறது என்ற நிலை) 2016 ஆக இருக்க வேண்டும். 2012 ஆர்2 கன்ட்ரோலர் ஒன்று உள்ளே இருக்கும்வரை லெவலை அவ்வளவு உயர்த்த முடியாது. 2022-க்கு 2008 லெவல் இருந்தாலே போதும், சப்போர்ட்டும் 2031 அக்டோபர் 14 வரை இருக்கிறது.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: யார் யார் இந்த சர்வரை நம்பியிருக்கிறார்கள்?

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். பகிர்வு ஃபோல்டர்கள், பிரிண்டர்கள், டிஎச்சிபி (தானாக ஐபி கொடுக்கும் சேவை), ஷெட்யூல்டு டாஸ்க், சர்வரிலேயே நிறுவிய கணக்கு சாஃப்ட்வேர், அதன் லைசென்ஸ் டாங்கிள். இவை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். வராதவைதான் பின்னால் தொல்லை கொடுக்கும்: கையால் ஐபியும் டிஎன்எஸ்ஸும் (பெயரைக் கேட்டு ஐபியைச் சொல்லும் சர்வரின் முகவரி) போட்டு வைத்த வருகைப் பதிவு மெஷின், சிசிடிவி ரெக்கார்டர், ஸ்கேன் செய்ததை நேராக ஃபோல்டரில் போடும் ஜெராக்ஸ் மெஷின். ஒவ்வொன்றின் மெனுவிலும் போய் டிஎன்எஸ் முகவரி என்னவென்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பேக்கப், உடல்நலப் பரிசோதனை

சிஸ்டம் ஸ்டேட்டோடு (டொமைன் விவரங்களும் அடங்கிய சிஸ்டம் பகுதி) சேர்த்து முழு பேக்கப் எடுத்து வெளி டிஸ்க்கில் வையுங்கள். எடுத்தால் மட்டும் போதாது, ஒரு ஃபோல்டரையாவது அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். விர்ச்சுவல் மெஷின் என்றால் ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம், அது பேக்கப் ஆகாது.

பிறகு அட்மின் கமாண்ட் பிராம்ப்டில், டொமைன் கன்ட்ரோலரைச் சோதிக்கும் 'டிசிடயாக்' கட்டளையை ஓட்டுங்கள். டிஎன்எஸ், சிஸ்வால் (டொமைன் பாலிசிகளும் ஸ்கிரிப்டுகளும் இருக்கும் பகிர்வு ஃபோல்டர்), நெட்லாகான் (லாகினுக்கான சேவையும் ஷேரும்) தொடர்பாக ஃபெயில் என்று வந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பழைய சர்வரின் நோய் புதியதிலும் தொற்றும்.

அடுத்தது பலர் தடுக்கி விழும் இடம். உங்கள் டொமைன் 2003 காலத்தில் பிறந்து, சர்வர் மட்டும் மாறி மாறி வந்திருந்தால், சிஸ்வால் ஃபோல்டர் இன்னும் கன்ட்ரோலர்களுக்கிடையே நகலெடுக்கும் பழைய எஃப்ஆர்எஸ் முறையிலேயே இருக்கலாம். 2019 முதலான சர்வர்களில் எஃப்ஆர்எஸ் கிடையாது. கன்ட்ரோலராக்கும் வேலை அங்கேயே நின்றுவிடும். புதிய டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் முறைக்கு மாற்றும் 'டிஎஃப்எஸ்ஆர்மிக்' கட்டளையை 'கெட்குளோபல்ஸ்டேட்' சுவிட்ச்சோடு ஓட்டுங்கள். 'எலிமினேட்டட்' என்று வந்தால் வேலை இல்லை. இல்லையென்றால் 'செட்குளோபல்ஸ்டேட்' சுவிட்ச்சில் 1, 2, 3 என்று ஒவ்வொரு நிலையாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் 'கெட்மைக்ரேஷன்ஸ்டேட்' ஓட்டி, எல்லா கன்ட்ரோலரும் அந்த நிலைக்கு வந்துவிட்டதாகச் சொன்ன பிறகே அடுத்ததற்குப் போங்கள். 2 வரை பின்வாங்கலாம், 3-க்குப் போய்விட்டால் முடியாது.

படி 3: புதிய சர்வரைத் தயார்செய்தல்

லைசென்ஸில் இரண்டு விஷயம். ஒன்று, பழைய சிஏஎல் (சர்வரை அணுக ஆளுக்கோ கம்ப்யூட்டருக்கோ வாங்கும் லைசென்ஸ்) 2022-க்குச் செல்லாது, புதிதாக வாங்க வேண்டும். இரண்டு, 180 நாள் இவேல்யுவேஷன் பதிப்பை நிறுவி, 'பிறகு கீ போட்டுக்கொள்ளலாம்' என்று டொமைன் கன்ட்ரோலராக ஆக்கிவிடாதீர்கள். கன்ட்ரோலராக இருக்கும்போது இவேல்யுவேஷனை முழுப் பதிப்பாக மாற்ற முடியாது.

நிறுவும்போது டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ் என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கறுப்புத் திரை மட்டும்தான் வரும். அப்டேட்டுகளைப் போட்டு, சர்வருக்கு நிரந்தரப் பெயர் வைத்து, கையால் ஐபி கொடுங்கள். நெட்வொர்க் கார்டின் டிஎன்எஸ் இடத்தில் பழைய சர்வரின் ஐபி மட்டும் இருக்கட்டும். 'ரெண்டாவதா கூகிளோட 8.8.8.8 போட்டு வைப்போம், நெட் நிக்காது' என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். உங்கள் டொமைன் எங்கே இருக்கிறது என்று கூகிளுக்குத் தெரியாது. கேள்வி அங்கே போகும் நேரமெல்லாம் டொமைன் காணாமல் போகும், மற்ற நேரம் நன்றாக ஓடும். வெளி டிஎன்எஸ்ஸுக்கான இடம் டிஎன்எஸ் கன்சோலில் இருக்கும் ஃபார்வர்டர்ஸ் பட்டியல் (தனக்குத் தெரியாத பெயரை சர்வர் யாரிடம் கேட்க வேண்டும் என்ற பட்டியல்).

இரண்டு சர்வரின் கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் உள்ளேயே விடாது.

படி 4: டொமைன் கன்ட்ரோலராக ஆக்குதல்

புதிய சர்வரை டொமைனில் சேருங்கள். நீங்கள் பயன்படுத்தும் அட்மின் கணக்கு ஸ்கீமா அட்மின்ஸ், என்டர்பிரைஸ் அட்மின்ஸ் இரண்டு குழுவிலும் இருக்க வேண்டும். இப்போதுதான் சேர்த்தீர்கள் என்றால் லாக்ஆஃப் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். சர்வர் மேனேஜரில் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் சர்வீசஸ் ரோலைச் சேர்த்ததும் மேலே மஞ்சள் முக்கோணம் வரும். அதைச் சொடுக்கி, ஏற்கெனவே இருக்கும் டொமைனில் கன்ட்ரோலரைச் சேர்க்கும் முதல் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். தவறுதலாகப் புதிய ஃபாரஸ்ட்டை (தனி டொமைன் தொகுப்பை) தேர்ந்தெடுத்தால் தொடர்பே இல்லாத இன்னொரு டொமைன் பிறந்துவிடும். டிஎன்எஸ், குளோபல் கேட்டலாக் இரண்டிலும் டிக் இருக்கட்டும். அங்கே கேட்கும் டிஎஸ்ஆர்எம் (டைரக்டரியை மீட்கும் பயன்முறை) பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வையுங்கள். தேவைப்படும் நாளில் வேறு எந்தப் பாஸ்வேர்டும் உதவாது.

ரீஸ்டார்ட் ஆனதும் 'நெட் ஷேர்' என்று அடியுங்கள். சிஸ்வால், நெட்லாகான் இரண்டும் பட்டியலில் தெரிய வேண்டும். டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் லாக்கில் 4604 என்ற ஈவென்ட் வந்திருந்தால் சிஸ்வால் முழுதாக வந்துவிட்டது. இவை இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். அரை மணி நேரமாகியும் வரவில்லையென்றால் பழைய சர்வரின் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் லாக்கைப் பாருங்கள், கோளாறு பெரும்பாலும் அனுப்பும் பக்கத்தில்தான் இருக்கும்.

படி 5: ஐந்து பொறுப்புகளையும் மாற்றுதல்

'நெட்டாம் குவரி எஃப்எஸ்எம்ஓ' என்று அடித்தால் ஐந்து பொறுப்புகளும் (ஒரு நேரத்தில் ஒரு கன்ட்ரோலர் மட்டுமே செய்யும் சிறப்பு வேலைகள்) யாரிடம் இருக்கின்றன என்று காட்டும். புதிய சர்வரின் பவர்ஷெல்லில் ஒரே கட்டளையில் மாற்றலாம். கட்டளையின் பெயர் மிக நீளம்: 'மூவ்-ஏடிடைரக்டரிசர்வர்ஆபரேஷன்மாஸ்டர்ரோல்'. பாதி அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும். முதல் தட்டலில் வேறு கட்டளை வந்தால் இன்னொரு தட்டு. 'ஐடென்டிட்டி' இடத்தில் புதிய சர்வரின் பெயர், ரோல் இடத்தில் 0,1,2,3,4. முடித்ததும் மறுபடி 'நெட்டாம்' போட்டு ஐந்தும் வந்துவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த ஐந்தில் ஒன்றான பிடிசி பொறுப்போடு ஆபீஸ் முழுவதற்கும் நேரம் சொல்லும் வேலையும் புதிய சர்வருக்கு வந்துவிடும். 'டபிள்யூ32டிஎம்' கட்டளையில் வெளி என்டிபி (நேரம் சொல்லும்) சர்வரைக் கொடுங்கள். விர்ச்சுவல் மெஷின் என்றால் ஹோஸ்ட்டிலிருந்து நேரம் எடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

படி 6: டிஎச்சிபி

இந்தப் படியின் வேலை ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். டிஎச்சிபி லீஸ், அதாவது ஒரு ஐபியைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் காலம், இயல்பாக 8 நாள். கம்ப்யூட்டர்கள் பாதிக் காலம் கழிந்ததும், அதாவது நான்காவது நாள்தான் புதுப்பிக்கக் கேட்கும். ஒரு வாரத்துக்கு முன்னரே லீஸை 1 நாளாகக் குறைத்துவிட்டால், மாற்றத்துக்குப் பிறகு எல்லாக் கம்ப்யூட்டருக்கும் புதிய விவரம் சீக்கிரம் போய்ச் சேரும்.

பழைய சர்வரிலிருந்து 'எக்ஸ்போர்ட்-டிஎச்சிபிசர்வர்' கட்டளையில் லீஸ்களோடு எடுத்து, பழைய டிஎச்சிபி சர்வீஸை நிறுத்தி, புதியதில் இம்போர்ட் செய்து ஆத்தரைஸ் செய்யுங்கள் (டொமைனில் அனுமதி கொடுங்கள்). வரிசை மாறக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒரே ஐபியை இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடும். ஸ்கோப்பில் (கொடுக்கும் ஐபிகளின் வரம்பில்) 006 என்ற டிஎன்எஸ் ஆப்ஷனில் புதிய சர்வரை முதலிலும் பழையதை இரண்டாவதாகவும் வையுங்கள்.

படி 7: ஃபைல்கள்

நகலெடுக்க விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளை. எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் யாருக்கு எந்த ஃபோல்டர் என்ற அனுமதிகள் வராது. அட்மின் பிராம்ப்டில் 'எம்ஐஆர்', 'காப்பிஆல்', 'எக்ஸ்ஜே' சுவிட்ச்சுகளோடு 'ஆர்' 1, 'டபிள்யூ' 1 என்று கொடுத்து, லாக் ஃபைலுக்கு ஓர் இடம் காட்டுங்கள்.

அந்த 'ஆர்', 'டபிள்யூ' இரண்டையும் மறந்தால் என்ன ஆகும்? யாரோ எக்செல் ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். ரோபோகாப்பியால் அதைப் படிக்க முடியவில்லை. இயல்பாக அது 10 லட்சம் தடவை முயலும், ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 30 விநாடி காத்திருக்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 347 நாள். காலையில் வந்து பார்த்தால் அதே ஃபைலில் நின்றுகொண்டிருக்கும்.

'எம்ஐஆர்' பற்றி ஓர் எச்சரிக்கை. மூலத்தில் இல்லாததை இலக்கில் அழித்துவிடுவது அதன் வேலை. மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றி அடித்தால் காலியான புதிய டிஸ்க்கைப் பார்த்துப் பழையதைத் துடைத்துவிடும். முதல் தடவை 'எல்' சுவிட்ச் சேர்த்து ஓட்டுங்கள்; எதையும் தொடாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். ஊழியர்கள் புதிய சர்வரில் எழுதத் தொடங்கிய பிறகு 'எம்ஐஆர்' பக்கமே போகக் கூடாது.

முதல் நகலை வேலை நாளிலேயே ஓட்டலாம். வாரக் கடைசியில் எல்லோரும் கிளம்பிய பிறகு பழைய ஷேர்களை மூடிவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். மாறியவை மட்டும் வருவதால் சீக்கிரம் முடியும். ஷேர் விவரங்கள் ரெஜிஸ்ட்ரியில் லேன்மேன்சர்வர் சர்வீஸின் கீழ் 'ஷேர்ஸ்' என்ற கீயில் இருக்கின்றன. டிரைவ் எழுத்தும் ஃபோல்டர் பாதையும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால், அதை எக்ஸ்போர்ட் செய்து புதியதில் இம்போர்ட் செய்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். மேப் டிரைவ்களை (ஷேர்களைக் காட்டும் டிரைவ் எழுத்துகளை) குரூப் பாலிசியில் புதிய பெயருக்கு மாற்றுங்கள்.

பிரிண்டர்களுக்கு பிரிண்ட் மேனேஜ்மென்ட் கன்சோலிலேயே எக்ஸ்போர்ட், இம்போர்ட் இருக்கிறது.

திங்கட்கிழமை வரும் முதல் புகார் 'ஸ்கேன் போகவில்லை' என்பதாகத்தான் இருக்கும். பழைய ஜெராக்ஸ் மெஷின்கள் எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையை மட்டுமே பேசும், 2022-இல் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. மெஷினின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து எஸ்எம்பி2 வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஸ்கேனை மெயிலுக்கு அனுப்புங்கள். சர்வரில் எஸ்எம்பி1-ஐத் திறந்துவிடுவது ஐந்து நிமிட வேலைதான், ஆனால் 2017-இல் வான்னாகிரை ரான்சம்வேர் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான்.

படி 8: கேபிளைக் கழற்றிப் பார்ப்பது

டிமோட் செய்வதற்கு (கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து இறக்குவதற்கு) முன், பழைய சர்வரின் நெட்வொர்க் கேபிளை மட்டும் இரண்டு மூன்று நாள் கழற்றி வையுங்கள். படி 1-இல் தாளில் விட்டுப்போனவை எல்லாம் தாமாகக் குரல் கொடுக்கும். ஒருவருக்கு லாகின் ஐந்து நிமிடம் இழுக்கும், எங்கோ ஒரு மெஷின் டேட்டா அனுப்பாது. தவிர்க்க முடியாத வேலை நின்றால் கேபிளைச் சொருகினால் போதும், எல்லாம் பழையபடி. மாதக் கடைசி கணக்கு முடிக்கும் நாட்களில் இதைச் செய்யாதீர்கள்.

எல்லாம் அடங்கியதும் கேபிளைத் திரும்பச் சொருகி, கன்ட்ரோலர்களுக்கிடையேயான நகலெடுப்பைச் சோதிக்கும் 'ரெப்அட்மின்' கட்டளையை 'ரெப்ல்சம்மரி' சுவிட்ச்சோடு ஓட்டி, பிழை 0 என்று வருகிறதா பாருங்கள். புதிய சர்வரின் நெட்வொர்க் கார்டிலும் 006 ஆப்ஷனிலும் இருக்கும் பழைய ஐபியை நீக்குங்கள். புதிய சர்வர் இனித் தன்னையே டிஎன்எஸ்ஸாகப் பார்க்கட்டும். பிறகு பழையதில் ரோலை நீக்கப் போனால் டிமோட் செய்யும் வழி வரும். 'டொமைனின் கடைசி கன்ட்ரோலர்' என்ற பெட்டியில் மட்டும் டிக் போட்டுவிடாதீர்கள்.

பழைய பெயர் டிஎன்எஸ்ஸிலும் சைட்ஸ் அண்ட் சர்வீசஸிலும் மிச்சமிருந்தால் அழியுங்கள். கடைசியாக டொமைன், ஃபாரஸ்ட் இரண்டின் ஃபங்ஷனல் லெவலையும் 2016-க்கு உயர்த்துங்கள். பட்டியலில் 2022 எங்கே என்று தேட வேண்டாம், அப்படி ஒரு லெவல் கிடையாது. அடுத்த முறை 2025-ஐச் சேர்க்கும்போது கேட்கப்போவது இந்த 2016-ஐத்தான்.