ஆங்கிலக் கூட்டுச்சொற்களை அசை பிரித்து வாசிக்கும் முறை

ஆங்கிலக் கூட்டுச்சொல் ஒன்றைக் கண்டால், இரு சொற்களும் ஒட்டிய பொருத்தையே முதலில் தேட வேண்டும். பனையும் ஓலையும் சேரும்போது தமிழில் யகரம் தோன்றிப் பனையோலை ஆகிறது. ஆங்கில எழுத்திலோ பெரும்பாலும் எதுவும் தோன்றுவதுமில்லை, திரிவதுமில்லை என்பதால் பொருத்து கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

நல்லூரில் என்னிடம் படிக்க வரும் சிறுமி ஒருத்தி, 'ஹோம்வேர்க்' என்ற சொல்லின் நடுவிலுள்ள ஈ எழுத்தையும் ஒலித்து, 'ஹோ-மே-வேர்க்' என்று மூன்று அசையாக வாசித்தாள். 'ஹோம்' முடியுமிடத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழிக்கச் சொன்னேன். தனிச்சொல்லில் ஒலிக்காத ஈ, கூட்டிலும் ஒலிக்காது என்பது அவளுக்கு உடனே விளங்கியது. 'ஹொட்ஹவுஸ்' என்பதிலும் இந்தக் கோடு உதவும். அங்கே 'ஹொட்' முடியும் ரி எழுத்தும் 'ஹவுஸ்' தொடங்கும் எச் எழுத்தும் வெவ்வேறு சொற்களுக்கு உரியவை, சேர்ந்து தகர ஒலி தருபவை அல்ல.

அடுத்தது அழுத்தம். பிழை அதிகம் நேர்வது இங்கேதான், ஏனெனில் தமிழில் அழுத்தம் சொற்பொருளை மாற்றுவதில்லை. 'பிளாக்போர்ட்' என்பதன் முதலசையை அழுத்தினால் வகுப்பறைக் கரும்பலகை. இரண்டு சொல்லாக்கிப் பின்னதை அழுத்தினால் கறுப்பு நிறமுள்ள ஏதோ ஒரு பலகை. கூட்டுப் பெயர்ச்சொற்களில் பெரும்பாலும் முன்பகுதியே அழுத்தம் பெறும். 'பிளாக்குபோர்டு' என உகரம் சேர்த்தால் இரண்டு அசை நான்காகிவிடும்.

கோட்டுக்கு அடங்காதவையும் உண்டு. 'கப்', 'போர்ட்' என எழுதப்படும் அலுமாரிப் பெயர், 'கப்' முடிவிலுள்ள பி ஒலி மறைந்து 'கபர்ட்' என்றே ஒலிக்கும். இத்தகையவற்றை அகராதியின் ஒலிக்குறிப்பைப் பார்த்தே பழக வேண்டும்.